தோணிக்குள் ஏரி

இனிமேல் மச்சான் வீட்டு வாசலைக் கடந்து சீட்டாடப் போவதில்லை என்று ஒரு மார்கழி மாதம் முடிவு செய்தேன். சீட்டை விட்டுவிட்டேன் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். வாசலைத்தான் விட்டேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. ஊருக்கும் கந்தப்பனின் தோட்டத்துக்கும் நடுவே ஏரி. கந்தப்பன் என்னோடு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு தேய்த்தவன். அவனுடைய மோட்டார் ரூமில் மதியத்துக்கு மேல் நாலு பேர் கூடுவோம். எழுபத்தாறாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அவன் கிணற்றில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடவில்லை. சீட்டு ஓடியது.

அங்கே போக ஏரியைச் சுற்றி ஒரே தடம். தடத்தில் என் மனைவியின் அண்ணன் ஆறுமுகசாமியின் வீடு. வீட்டுக்கு முன்னால் வேப்பமரம், மரத்தடியில் கயிற்றுக் கட்டில், கட்டிலில் ஆறுமுகசாமி. மூன்றையும் ஒரே நாளில் நட்டு வைத்ததுபோல் இருக்கும். அவர் என்னைத் தடுத்ததே இல்லை. என்ன மாப்ளே, தூரமா என்று மட்டும் கேட்பார். நான் ஒரு காரணம் சொல்ல வேண்டும். விதை பார்க்கப் போகிறேன், காளை பார்க்கப் போகிறேன் என்றெல்லாம் சொல்லி முடிந்து, துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தேன். அந்த வகையில் அக்கரையில் பாதிப் பேரை நான் கொன்றுவிட்டேன். பொழுது சாய நான் வீடு திரும்பும்போது, நான் தோற்ற சேதி எனக்கு முன்பே வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் ஏரிக்கரையில் நின்று நேர் எதிரே பார்த்தேன். கந்தப்பனின் மோட்டார் ரூம் ஓடு சிவப்பாகத் தெரிந்தது. நடுவில் வேப்பமரம் இல்லை, கட்டில் இல்லை, மச்சான் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் யாரிடமும் எதையும் சொல்லாது.

அடுத்த வாரம் ஒற்றப்பாலம் பக்கம் தென்னங்கன்று வாங்கப் போனவன் தோணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அங்கே ஆற்றில் தோணி விடும் ஒரு கடவில் பாலம் வந்துவிட்டது. தோணிக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய சிறிய தோணி ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. பலகைகளைச் சேர்த்துச் செய்து மீனெண்ணெய் பூசியது. விலை பேசி முடித்து, தேங்காய் லாரியில் ஏற்றிய பிறகு அவர் ஏதோ சொல்ல அருகில் வந்தார். விற்றவன் சொல்லும் புத்திமதியைக் காதில் வாங்கக் கூடாது என்பது மாடு வாங்கும் எங்கள் ஊர்க்காரர்களின் வழக்கம். நான் டிரைவரைக் கிளம்பச் சொல்லிவிட்டேன்.

ஊரில் தோணியை இறக்கியபோது கூட்டம் கூடியது. மழை வரும் என்று எனக்கு மட்டும் யாராவது சொன்னார்களா என்று ஒருவர் தணிந்த குரலில் விசாரித்தார். இன்னொருவர் தன் மாட்டுக்கு இதைவிடப் பெரிய தொட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி முத்தாத்தாள் வெங்காயக் காட்டிலிருந்து வந்தாள். அந்த வருஷம் கரைக்குக் கீழே இருக்கும் துண்டு நிலத்தில் சின்ன வெங்காயம் வைத்திருந்தாள். அந்த நிலம் அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது. அதில் என்ன வைப்பது என்று என்னைக் கேட்கமாட்டாள். தோணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, இது எதுக்குங்க?"

"மீன் புடிக்க."

"நீங்கதான் மீன் திங்கமாட்டீங்களே."

"புடிச்சு விக்கலாம்."

"யாருக்குங்க?"

"திங்கறவங்களுக்கு."

"இதுல எத்தன பேரு உக்காரலாம்?"

"ஒரு ஆளு."

"அப்ப மீனு எங்கீங்க உக்காரும்?"

நெற்றிக்குக் கையை வைத்து ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"கந்தப்பண்ணன் மோட்டார் ரூம் இங்கிருந்து பாத்தா எவ்வளவு கிட்டத்துல தெரியுது பாருங்க" என்றாள். பிறகு வெங்காயத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

தோணியை உடனே தண்ணீரில் விடக் கூடாது. நாள் பார்க்க வேண்டும். தைப்பூசம் குறித்துக் கொடுத்தார்கள். அதுவரை அதை நான் கண்ணைப்போல் காத்தேன். எங்கள் ஊரில் மரச் சாமானுக்கு ஒரே சத்துரு ஈரம். ஏர், நுகம், கட்டில், கதவு எல்லாவற்றையும் ஈரம் படாமல் வைப்பவன்தான் குடியானவன். அப்படியே தோணியையும் கல் அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தடையில்லாமல் வந்து படும் இடமாகப் பார்த்து வைத்தேன். மார்கழியிலும் தையிலும் எங்கள் ஊர்க் காற்றுக்கு முன்னால் ஈரவேட்டியைப் பிடித்தால், மடிப்பதற்குள் அப்பளமாகிவிடும். தோணி நாளுக்கு நாள் இலேசானது. தட்டினால் தவில்போல் சத்தம் வந்தது. மரம் பக்குவப்படுகிறது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. காற்றோட்டத்துக்காக விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று சூடம் காட்டி, முனையில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தோணியை ஏரியில் இறக்கினோம். வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தேன். கரையில் ஊர் நின்றது. மச்சானும் கட்டிலை விட்டு வந்திருந்தார்.

தண்ணீர் அவசரப்படவில்லை. முதலில் பாதத்தை நனைத்தது. பிறகு கணுக்காலுக்கு வந்தது. நான் பார்க்காததுபோல் கழியை ஊன்றினேன். முழங்காலுக்கு வந்தபோது பார்க்காமல் இருக்க முடியவில்லை. தோணி சத்தமில்லாமல், மரியாதையாகத் தரையில் உட்கார்ந்தது. அந்த இடத்தில் ஆழம் குறைவு. விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. விளிம்புக்குள் ஒரு ஏரி, வெளியே ஒரு ஏரி. நடுவில் கழியைப் பிடித்துக்கொண்டு நான்.

"தூரமா, மாப்ளே?" என்றார் மச்சான் கரையிலிருந்து.

ஏமாற்றிவிட்டான் ஒற்றப்பாலத்தான் என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். குடத்தால் இறைத்தேன். வாளியால் இறைத்தேன். நான் ஒரு வாளி வெளியே ஊற்றினால் ஒன்றரை வாளி உள்ளே வந்தது. முத்தாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் ஆயில் எஞ்சின் சும்மா கிடக்கிறதே என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். அதைக் கேட்காததுபோல் இருந்துவிட்டு, சிறிது நேரம் கழித்து நானே கண்டுபிடித்ததுபோல், எஞ்சின் வைத்தால் என்ன என்றேன். நல்ல யோசனை என்று அவள் சொன்னாள். அவள் என்னைப் பாராட்டுவது அபூர்வம். அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாட்டு வண்டியில் எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்தோம். ஓஸ் குழாயின் ஒரு முனையைத் தோணிக்குள் போட்டேன். மறு முனையை ஏரிக்குள் விடப் போனேன். அவள் தடுத்தாள். விட்ட தண்ணீர் திரும்ப ஏரிக்குள் வந்து, ஏரியிலிருந்து தோணிக்குள் வந்துவிடாதா என்று கேட்டாள். நியாயமாகப் பட்டது. கரையைத் தாண்டிக் கீழே விட்டோம். கீழே அவளுடைய வெங்காயம் இருந்தது. நாக்கு வறண்டு தலை சாய்ந்து கிடந்த வெங்காயம்.

எஞ்சின் ஓடியது. அது எடுக்கிற வேகமும் விரிசல் கொடுக்கிற வேகமும் சரியாக இருந்தன. தோணி காலியாகவும் இல்லை, நிறையவும் இல்லை. சாயங்காலம்வரை இறைத்தோம். தோணியில் தண்ணீர் இருந்தபடி இருந்தது. வெங்காயம் மட்டும் தலை நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் நல்லமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். அவர்தான் ஏரிக் கமிட்டித் தலைவர். ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டது. மிச்சத் தண்ணீரில் யாரும் எஞ்சின் வைக்கக் கூடாது, ஒருவர் வைத்தால் எல்லாரும் வைப்பார்கள், கடைசியில் மண்டை உடையும் என்று கார்த்திகையிலேயே கூடிப் பேசியிருந்தோம். கூட்டத்தில் பலமாகத் தலையாட்டியவன் நான். நல்லமுத்து எஞ்சினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அதை நிறுத்தக் குனிந்தேன். அதற்குள் முத்தாத்தாள் மண்வெட்டியோடு கரை ஏறி வந்தாள். மடை மாற்றிக்கொண்டிருந்தவள்.

"எதுக்குங்கண்ணா நிறுத்தோணும்?"

"ஏரித் தண்ணிய எஞ்சின் வெச்சு எறைக்கக் கூடாதுன்னு பேசுனது மறந்து போச்சா ஆத்தா?"

"ஏரித் தண்ணிய யாருங்க எறைக்கறா? ஓஸ் எங்க கெடக்குதுன்னு பாருங்க."

நல்லமுத்து எட்டிப் பார்த்தார். "தோணிக்குள்ள."

"தோணி யாருதுங்க?"

"உன்ற ஊட்டுக்காரருது."

"அவரு தோணிக்குள்ள தண்ணி ஏறிப்போச்சு. அவரு எறைக்கறாரு. தண்ணி ஏறுன தோணிய எறைக்கக் கூடாதுன்னு கூட்டத்துல பேசுனீங்களா?"

"அது பேசல" என்றார் நல்லமுத்து. எங்கள் ஊர்க் கூட்டத்தில் அதைப் பேசும் அவசியம் அதுவரை வந்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எறைச்ச தண்ணி கீழ வெங்காயத்துக்கில்ல போகுது" என்றார்.

"திருப்பி ஏரியில உட்டா மறுக்காத் தோணிக்குள்ள வந்துருமுங்க. அதனால கீழ உட்டம். வெங்காயம் அங்க இருந்தா அதுக்கு நாம என்னங்க பண்றது? மிச்சந்தண்ணி உங்க மொளகாக் காட்டுப் பக்கந்தான் போகுது. வேண்டாம்னா சொல்லுங்க, வாய்க்காலத் திருப்பிக்கறோம்."

நல்லமுத்துவின் மிளகாய்க் காடு எங்கள் வெங்காயத்துக்குக் கீழே இருக்கிறது. அவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். தோணியில் தண்ணீர் ஏறுகிறவரை அதை இறைக்கத் தடையில்லை. ஆனால் தோணி என்றைக்கு மிதக்கிறதோ அன்றைக்கு எஞ்சின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை.

சைக்கிள் மறைந்ததும் நான் முத்தாத்தாளிடம், என் தோணிக்காக நீ இவ்வளவு வாதாடுவாய் என்று நினைக்கவில்லை என்றேன். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் தோணியை இறக்குவோம். அது உடனே நிறையும். எஞ்சினை முடுக்குவேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எஞ்சின் சூடேறினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், டீசல் தீர்ந்தால் ஊற்ற வேண்டும், ஓஸ் வாயில் பாசி அடைத்தால் எடுக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் முத்தாத்தாள் பண்ணையாட்கள் இருவரோடு வருவாள். தோணியைக் கவிழ்த்து, தூக்கி, காற்று வீசும் கரை உச்சியில் கல்மேல் வைப்பாள். நல்லாக் காயட்டுமுங்க என்பாள். ஈரம் இருந்தா மரம் உளுத்துப் போயிருமுங்க என்பாள். என் சாமானின்மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்ததை நினைத்து மனம் குளிர்ந்தது. ஒருநாள் காற்று போதாது என்று தோணியின் அடிப்பக்கத்தைத் தானே பழைய துணியால் துடைத்துவிட்டாள்.

விரிசலில் நான் கயிற்று நாரைத் திணித்தேன். தார் பூசினேன். வெல்லத்தையும் சுண்ணாம்பையும் இடித்து அப்பினேன். பலனில்லை. ராத்திரியெல்லாம் காற்றில் காய்ந்த தோணி விடிந்ததும் பல்லைக் காட்டியது. தினமும் அதை முந்தின நாளைவிடக் கொஞ்சம் அதிக தூரம் தூக்கிப் போய்த் தண்ணீரில் இறக்க வேண்டியிருந்தது. ஓஸை இரண்டு முறை நீட்டினேன். தார் பூசிப் பூசித் தோணி கனமாகிவிட்டது, அதனால் தூரம் அதிகமாகத் தெரிகிறது என்று நினைத்தேன்.

கந்தப்பன் அக்கரையில் நின்று துண்டை வீசுவான். வாயேன் என்று அதற்கு அர்த்தம். நான் எஞ்சினைக் காட்டுவேன். தையும் மாசியும் நான் சீட்டைத் தொடவில்லை. மச்சான் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. அவரே இரண்டு நாளுக்கு ஒருமுறை கரைக்கு வந்தார். அக்கரையில் யாருக்கும் இப்போதெல்லாம் சாவே வருவதில்லையே மாப்ளே என்று அங்கலாய்த்துவிட்டுப் போனார்.

பங்குனியில் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் என் அக்கா ஊரில் கோயில் நோம்பி வந்தது. முத்தாத்தாள் என்னைப் போகச் சொன்னாள். அப்படியே வெங்காய வியாபாரியையும் பார்த்துப் பேசிவிட்டு, ஒரு வாரம் இருந்து வாங்க என்றாள். தோணி என்று இழுத்தேன்.

"நீங்க திரும்பி வர்றப்ப தோணி மெதக்கும்" என்றாள்.

"நான் ரெண்டு மாசமாப் பண்ணாததை நீ ஒரு வாரத்துல பண்ணிருவியா?"

"பாக்கலாமுங்க."

நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தேன். அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கல்யாணமாகி என்னைவிட அதிக வருஷம் ஆனவர்.

ஒரு வாரம் கழித்து ஊரில் வந்து இறங்கினேன். வெங்காயம் அறுவடையாகிவிட்டது. கரையை ஒட்டிய மேட்டில், காற்றுக்காக, மூங்கில் படல் கட்டி, அறுத்ததையெல்லாம் உள்ளே குவித்து, வெங்காயப் பட்டறை போட்டிருந்தாள். என் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம் நின்றது. எஞ்சினைத் துடைத்து வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள். எஞ்சின் வீட்டுக்கு வந்துவிட்டது என்றால்?

"மெதக்குதுங்க" என்றாள்.

"எப்படி?"

"நீங்க போன அன்னிக்கே தண்ணிக்குள்ள முழுசா அமுத்திப் போட்டுட்டனுங்க. மேல எடுக்கவே இல்ல. ஊறி ஊறிப் பலகையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்குச்சு."

"இது உனக்கு யாரு சொன்னா?"

"யாருங்க சொல்லோணும்? வெயில் காலத்துல வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா லொடலொடன்னு ஆடுனா நீங்க என்ன பண்ணுவீங்க? கொண்டுபோயிக் குட்டையில ஊறப் போடுவீங்கல்ல? அதே மரந்தானுங்களே."

வருஷா வருஷம் சக்கரத்தை ஊறப் போடுகிறவன் நான். அவளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான். மெதுவாகக் கணக்கு ஓடியது. அப்படியானால் தினம் சாயங்காலம் கவிழ்த்துத் தூக்கி வைத்தது, காற்றில் காய வைத்தது, துணியால் துடைத்தது?

கேட்டேன்.

"அன்னிக்கு வெங்காயம் காட்டுல இருந்துதுங்க" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு நேரமில்லை. மதியச் சோறு முடிந்துவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் இந்நேரம் பாய் விரித்திருப்பார்கள். ஆளை ஏமாற்றினாலும் தோணியைக் கொடுத்துவிட்டாளே, அதுவரைக்கும் நல்லவள்தான் என்று மன்னித்து, கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியனுப்ப அவளும் பின்னால் வந்தாள்.

கரை ஏறினேன். கண்ணில் பட்டது தோணி மட்டும். தண்ணீரில் அன்னம் மாதிரி நின்றது. நீளமாகப் பலகை போட்டு அதுவரைக்கும் நடக்கத் தோதாகப் பண்ணிவைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்தேன். பாதத்தைப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். அப்போதும் உலர்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு நிமிஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கழியை ஊன்றித் தள்ளினேன். தோணி நகர்ந்தது. தன் நீளத்துக்கு நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. இன்னொரு முறை தள்ளினேன். கழிதான் உள்ளே போனது.

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கும் கந்தப்பனுக்கும் நடுவே சேறு கிடந்தது. அக்கரைவரைக்கும் சேறு. கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கிற சேறு. நடக்கவும் முடியாது, தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. தண்ணீர் இருந்தது என் தோணியைச் சுற்றி மட்டும். நாலு எருமை நெருக்கிப் படுத்தால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு குட்டை. அதில் இரண்டு கொக்கு நின்றன. என்னைப் பார்த்து நகரக்கூட இல்லை. அக்கரையில் கந்தப்பன் துண்டை வீசினான். பிறகு வீசுவதை நிறுத்திவிட்டு, அதைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

நான் கரைப் பக்கம் திரும்பினேன். முத்தாத்தாள் பலகை முனையில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, ஏரி எங்க?"

மேட்டில் இருந்த வெங்காயப் பட்டறையைக் காட்டினாள்.

"அதுலதானுங்க இருக்குது" என்றாள். "உரிச்சுப் பாருங்க, கொஞ்சம் கண்ணுல வரும்."